நாற்காலி இல்லாதவருக்கு மூச்சுப் பயிற்சியா?

பேராசிரியர் பதில்கள்

கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களின் மன நலம் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் நான்கு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஒன்றைத் தவிர அத்தனையிலும் 'பெயர் வேண்டாம்' என்ற குறிப்பு இருந்தது. ஒருவர் அதைச் சிவப்பு மையால் இரண்டு முறை அடிக்கோடு இட்டிருந்தார். விடைத்தாள் திருத்திப் பழகிய கை. பெயரைத் தாராளமாகப் போடலாம் என்று எழுதிய ஒரே ஒருவர் பணி ஓய்வு பெற்றவர். அவர் மட்டும் தனியாக நிற்க வேண்டாம் என்று அந்தப் பெயரையும் எடுத்துவிட்டேன்.

நான் 33 ஆண்டுகள் வேதியியல் நடத்திவிட்டு 2019-இல் வீட்டுக்கு வந்தவள். மனநல மருத்துவர் இல்லை. துறை அறைகளில் என்ன நடக்கும் என்று தெரியும், அவ்வளவுதான்.

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் ஏழு ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். துறை அறையில் நிரந்தரப் பேராசிரியர்களுக்கு மேசை, அலமாரி எல்லாம் உண்டு. எங்கள் நால்வருக்கும் சேர்த்து இரண்டு நாற்காலிகள். மற்ற இருவர் ஆய்வக முக்காலியில் உட்காருகிறோம். இப்போது 'ஆசிரியர் நல்வாழ்வு வாரம்' என்று சனிக்கிழமை மதியம் யோகாவும் மூச்சுப் பயிற்சியும் வைத்திருக்கிறார்கள். கட்டாயம் வர வேண்டும், கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு போடும் 'நாக்' குழுவுக்கான கோப்பில் வைக்கப் புகைப்படம் எடுக்க வேண்டுமாம். மூச்சை இழுத்து விடும்போது எனக்கு அமைதிக்குப் பதில் ஆத்திரம் வருகிறது. கோளாறு என்னிடமா?
— தூத்துக்குடி மாவட்ட வாசகி

நாற்காலி கேட்டவருக்கு மூச்சுப் பயிற்சி கொடுத்தால் ஆத்திரம்தான் வரும். உங்களிடம் ஒரு கோளாறும் இல்லை.

யோகாவை நான் குறை சொல்லவில்லை. என் முழங்காலுக்கு அது உதவியிருக்கிறது. ஆனால் சனிக்கிழமை மதியம் என்பது நீங்கள் துணி துவைக்கிற நேரம், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற நேரம், அல்லது சும்மா கண்ணை மூடிப் படுக்கிற நேரம். அதைப் பிடுங்கிக்கொண்டு நல்வாழ்வு என்று பெயர் வைத்துவிட்டால், பிடுங்கியவருக்கே நன்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. புகைப்படத்துக்குச் சிரிக்கவும் வேண்டும்.

ஐந்து மணி நேரம் நின்று பாடம் நடத்திய சோர்வு ராத்திரி படுத்தால் தீர்ந்துவிடும். அவமானப்பட்ட சோர்வு படுத்த பிறகுதான் ஆரம்பிக்கும். முதல் சோர்வுக்கு மருந்து உடம்பில் இருக்கிறது. இரண்டாவதுக்கு மருந்து அந்தத் துறை அறையில் இருக்கிறது; அதை அங்கேதான் கேட்டு வாங்க வேண்டும். 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழு உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று வரையறுத்தது. உங்கள் கைக்கு எவ்வளவு வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததிலிருந்தே ஊகித்துக்கொண்டேன். பதவியின் பெயரில் முதல் சொல்லே கௌரவம். அதற்குப் பிறகு எங்கே தேடுவது என்று தெரியவில்லை.

சம்பளம் உங்கள் துறைத் தலைவர் கையில் இல்லை. நாற்காலி இருக்கிறது. நால்வரும் சேர்ந்து அவரிடம் போங்கள். மனு, புகார் எதுவும் வேண்டாம். "சார், எங்களுக்கு இரண்டு நாற்காலிகள் குறைகின்றன" என்ற ஒரே வாக்கியம் போதும். நால்வராகப் போவது முக்கியம். ஒருவர் கேட்டால் அது அவருடைய குணம் ஆகிவிடும். நால்வர் கேட்டால் அது கணக்கு. வந்தால் சந்தோஷம். வராவிட்டால் அடுத்த சனிக்கிழமை நால்வரும் முக்காலிகளையே தூக்கிக்கொண்டு போய் அவற்றில் உட்கார்ந்து மூச்சை இழுங்கள். புகைப்படத்தில் விழட்டும்.

அரசு உதவி பெறும் கல்லூரியில் துறைத் தலைவராகி ஒன்றரை ஆண்டு ஆகிறது. என் துறையில் பதினொரு பேர். இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசியே நான்கு ஆண்டு ஆகிறது. எதற்கு என்று இப்போது அவர்களுக்கே சரியாகத் தெரியாது. வட்டமாக உட்கார்ந்து பேசும் முறை ஒன்றை நீங்கள் உங்கள் துறையில் நடத்தியதாக முன்பு ஒரு பதிலில் எழுதியிருந்தீர்கள். அதை எப்படிச் செய்வது?
— கோவை மாவட்ட வாசகர்

முதலில் பெயர்ச் சிக்கல். ஆங்கிலத்தில் ரெஸ்டோரேட்டிவ் என்கிறார்கள். தமிழில் 'மறுசீரமைப்பு' என்று போட்டால் எனக்குப் பஸ் நிலையம்தான் ஞாபகம் வருகிறது. உறவில் கிழிந்த இடத்தைக் கிழித்தவரும் கிழிபட்டவரும் சேர்ந்து தைப்பது. 'சீர்செய்தல்' என்று வைத்துக்கொள்வோம்.

நவீன காலத்தில் இது பேசப்படத் தொடங்கியது 1974-இல், கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்ற சின்ன ஊரில். இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே ராத்திரியில் 22 இடங்களில் கார், கண்ணாடி, வேலி என்று உடைத்துத் தள்ளினார்கள். நன்னடத்தை அலுவலர் ஒருவர் யோசனை சொல்ல, நீதிபதி ஒப்புக்கொள்ள, இருவரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, உடைத்தது நாங்கள்தான் என்று சொல்லி, நஷ்டத்தைக் கேட்டு, பிறகு கட்டினார்கள். வட்டமாக உட்காருவது அதைவிட மிகப் பழையது. கனடாவின் பூர்வகுடிகளிடமிருந்து வந்தது. நியூசிலாந்தில் மாவோரி மக்களின் குடும்பக் கூட்ட முறை 1989-இல் சட்டத்திலேயே ஏறிவிட்டது. நமக்கும் மன்றம், அரசமரத்தடி எல்லாம் இருந்தனவே என்று உடனே சிலர் எழுதுவார்கள். இருந்தன. அங்கே யார் உட்கார்ந்தார்கள், யார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்கள் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் துறையில் நடந்ததைச் சொல்கிறேன். புதன்கிழமை மூன்றரை மணி. யாருக்கும் வகுப்பு இல்லாத ஒரே நேரம். ஒன்பது ஆசிரியர்கள், ஆய்வக உதவியாளர் ஒருவர். மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரே உயர நாற்காலிகளைப் போட்டோம். கையில் வைத்துக்கொள்ள ஒரு பொருள் வேண்டும். அதை வைத்திருப்பவர் மட்டுமே பேசலாம், பேச விருப்பம் இல்லையென்றால் பக்கத்தவரிடம் கொடுத்துவிடலாம். நுனி கருகிப்போன பழைய மர டெஸ்ட் டியூப் ஹோல்டர் ஒன்றை எடுத்துக்கொண்டோம். தேநீர் கடைசியில்தான். முதல் வாரம் ஆரம்பத்திலேயே கொடுத்துவிட்டோம். ஆளாளுக்கு டம்ளருக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார்கள்.

முதல் மூன்று வாரம் சண்டை எதையும் தொடவில்லை. 'இந்த வாரம் உங்களுக்கு நன்றாகப் போன வகுப்பு எது' என்பது போன்ற சாதாரணக் கேள்வி. நீங்களும் அப்படியே செய்யுங்கள். பேசாத இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து முதல் நாளே 'மனம் விட்டுப் பேசுங்கள்' என்றால் இரண்டு பேரும் உங்களோடும் பேச மாட்டார்கள்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவர் பேசி முடித்ததும் நான் ஒரு பதில் சொன்னேன். "அது அப்படி இல்லை, அலுவலகத்தில் என்ன நடந்தது என்றால்..." என்று விளக்கம். ஆயுள் முழுக்கக் கரும்பலகைக்கு முன்னால் நின்றவளுக்கு வாய் சும்மா இருக்குமா? இரண்டாம் வாரம், துறையில் எல்லோருக்கும் இளையவர், மெதுவாகச் சொன்னார்: "மேடம், ஹோல்டர் உங்களிடம் இல்லை." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ராத்திரி வரை இருந்தது. மறு வாரத்திலிருந்து நான் கடைசியாகப் பேசுவது என்று வைத்துக்கொண்டேன். தலைவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அதற்கு உரை எழுதுவார்கள். அதற்குத் துறைக் கூட்டமே போதும்.

நான்காம் வாரம்தான் விஷயம் வந்தது. தேர்வுக்கூடக் கண்காணிப்புப் பட்டியல். பருவத் தேர்வில் பிற்பகல் முறையெல்லாம் எப்போதும் மூன்று இளம் ஆசிரியைகளுக்கே விழுந்துகொண்டிருந்தது. கட்டுகளை எண்ணி ஒப்படைத்து வெளியே வர ஆறு மணி ஆகும். ஒருவர் இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போக எட்டரை. பட்டியல் போட்டவர் மூத்த ஆசிரியர், நல்ல மனிதர். "யாரும் ஒன்றும் சொல்லவில்லையே" என்றார். அவர்கள் சொல்லும்படியாக அவரும் இருந்ததில்லை, நானும் இருந்ததில்லை. அன்று ஆஸ்திரேலியாவில் வாகா வாகா என்ற ஊரின் போலீஸ்காரர் ஒருவர் 1990-களின் தொடக்கத்தில் பழக்கத்துக்குக் கொண்டுவந்த கேள்விகளை வைத்துக்கொண்டேன். என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தீர்கள், இதனால் யார் யாருக்கு என்ன ஆயிற்று, இதைச் சரிசெய்ய என்ன வேண்டும். கவனித்துப் பாருங்கள், இதில் 'ஏன் செய்தாய்' என்பது இல்லை. ஏன் என்று கேட்டால் வக்கீல் வந்துவிடுவார். என்ன என்று கேட்டால் ஆள் பேசுவார்.

முடிவாக நடந்தது ரொம்பச் சின்ன விஷயம். பட்டியல் பத்து நாள் முன்பே சுவரில் ஒட்டப்பட்டது, பிற்பகல் முறை எல்லோருக்கும் சுற்றி வந்தது, எனக்கும் வந்தது. அழுகை, கட்டிப்பிடித்தல் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பட்டியல் மாறியிருக்காவிட்டால் ஐந்தாம் வாரம் யாரும் வந்திருக்க மாட்டார்கள். உங்களுக்கு நான் வைக்கும் ஒரே நிபந்தனை இதுதான்: கேட்டது எதையாவது மாற்ற உங்களுக்கு அதிகாரமும் மனமும் இருந்தால் மட்டும் வட்டத்தைத் தொடங்குங்கள். இல்லையென்றால் வேண்டாம். சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை என்பது சொல்லாமல் இருந்ததைவிட அதிகமாக வலிக்கும்.

இன்னொன்று. எங்களில் ஒருவர் ஓராண்டு முழுக்க ஹோல்டரை வாங்கிப் பேசாமலே பக்கத்தில் கொடுத்தார். ஒரு வாரம்கூட வராமல் இருந்ததில்லை. இன்னொருவர் வரவே மாட்டேன் என்றார். அவரை நான் ஏன் என்று கேட்கவில்லை. அங்கே பேசியது எதையும் நான் முதல்வரிடம் கொண்டுபோனதில்லை, குறிப்பேட்டில் எழுதியதில்லை, புகைப்படம் எடுத்ததும் இல்லை. நாக் குழு வந்தபோது இதைச் 'சிறந்த நடைமுறை' என்று கோப்பில் சேர்க்கலாமே என்று ஒருவர் ஆசைப்பட்டார். வேண்டாம் என்றேன். சேர்த்திருந்தால் அடுத்த வாரமே வருகைப் பதிவேடு வைக்கச் சொல்லியிருப்பார்கள்.

வகுப்பில் கைப்பேசியைப் பிடுங்கி வைத்தேன் என்பதற்காக என் படத்தைப் போட்டுக் கேலிச் சித்திரம் ஒன்றைச் செய்து இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் பரப்பிவிட்டான். என் உடம்பைப் பற்றி இரண்டு வரி. மூன்று நாளில் கல்லூரி முழுக்கப் பார்த்துவிட்டது. "சின்னப் பையன் மேடம், பத்து நிமிடம் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளுங்கள், இதுதான் இப்போது புதிய முறை" என்கிறார் முதல்வர். நான் உட்கார வேண்டுமா?
— சென்னை வாசகி

2015 ஏப்ரல் கடைசியில் மகளின் பிரசவத்துக்காகக் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரத்துக்குப் போனேன். பத்தியக் குழம்புக்குப் பூண்டு உரித்துக்கொண்டே உள்ளூர்ச் செய்தித்தாளைப் புரட்டுவேன். அந்த மே மாதம் முழுக்க அதில் ஒரே பேச்சு, டல்ஹௌசி பல்கலைக்கழகம். முந்தைய டிசம்பரில் அங்கே பல் மருத்துவம் இறுதியாண்டு படித்த ஆண் மாணவர்கள் சிலர் தங்களுக்குள் வைத்திருந்த பேஸ்புக் குழுவில் உடன் படிக்கும் பெண்களைப் பற்றி எழுதிய கேவலங்கள் வெளியே வந்தன. 13 பேர் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சியிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். எல்லோரையும் கல்லூரியைவிட்டே நீக்கு என்று ஊர் கொதித்தது. பாதிக்கப்பட்ட பெண்களில் பலர் சீர்செய்யும் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். 12 ஆண்கள் அதற்கு உட்பட்டார்கள். அறிக்கை மே மாதம் வந்தது. கவனியுங்கள்: ஐந்து மாதம். உங்கள் முதல்வர் பத்து நிமிடம் என்கிறார்.

அந்தக் கதையில் என்னைத் தூங்க விடாத பகுதி வேறு. அதே வகுப்பைச் சேர்ந்த நான்கு மாணவிகள், இந்த முறைக்கு ஒப்புக்கொள்ளும்படி தங்களுக்கு அழுத்தம் இருப்பதாகப் பல்கலைக்கழகத் தலைவருக்குக் கடிதம் எழுதினார்கள். பெயர் போடாமல். நல்ல எண்ணத்தோடு, பயிற்சி பெற்றவர்களை வைத்து, மாதக்கணக்கில் நடந்த இடத்திலேயே அப்படியென்றால், மாலை ஐந்து மணிக்குள் விஷயத்தை மூடிவிட நினைக்கும் நம் ஊர்க் கல்லூரி அலுவலகத்தில் எப்படி இருக்கும்?

ஆகவே, உட்கார வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக மோர் சாதம் சாப்பிடலாம். உடம்பைப் பற்றி எழுதியது பாலியல் தொல்லைக்குள் வரும் என்றால் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழு இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் சட்டமே, பாதிக்கப்பட்ட பெண் தானாகக் கேட்டால்தான் சமரசம் பேசலாம் என்கிறது. அப்போதும் பணத்தை அடிப்படையாக வைக்கக் கூடாது. முதல்வர் கேட்டால் என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. படத்தை ஆபாசமாக ஒட்டு வெட்டுச் செய்திருந்தால் சைபர் கிரைம் போலீஸுக்கே போங்கள்.

ஒருவேளை உங்களுக்கே அந்தப் பையனிடம் பேசத் தோன்றினால், உங்கள் நிபந்தனைகளோடு பேசுங்கள். அவன் முதலில் வேறொருவரிடம், தான் என்ன செய்தான் என்பதை, 'விளையாட்டுக்கு' என்ற சொல் இல்லாமல் சொல்லப் பழகி வரட்டும். உங்கள் பக்கத்தில் உங்களுக்கு வேண்டியவர் ஒருவர் இருக்கட்டும். அந்த மூன்று நாளில் நீங்கள் வகுப்புக்குள் எப்படி நுழைந்தீர்கள், கரும்பலகைப் பக்கம் திரும்பியபோது முதுகு எப்படிக் கூசியது என்பதை அவன் குறுக்கே பேசாமல் கேட்கட்டும். மன்னிப்புக் கடிதம் வேண்டாம். நம் கல்லூரிகளில் அதற்கு ஒரு மாதிரிப் படிவமே இருக்கிறது, முதலாண்டில் ஒருமுறை எழுதினால் மூன்றாண்டுக்கும் செல்லும். எந்தெந்தக் குழுவில் பரப்பினானோ அங்கெல்லாம் தன் பெயரில் அவன் என்ன எழுத வேண்டும் என்று நீங்கள் கேளுங்கள்.

உங்கள் பதில்களைப் படித்தால் இந்தக் காலத்து ஆசிரியர்களைச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நாங்கள் நாற்பது ஆண்டு உழைத்தோம். எங்களுக்கு யார் வட்டம் போட்டார்கள்?
— மதுரை, ஓய்வு பெற்ற முதல்வர்

யாரும் போடவில்லை ஐயா. அதனால்தான் நம் தலைமுறையில் பாதிப் பேருக்கு ரத்தக் கொதிப்பும் மீதிப் பேருக்கு இன்றுவரை பழைய சக ஊழியர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக முடியாத பகையும் இருக்கின்றன. உங்களுக்கு இரண்டும் இல்லையென்றால் மகிழ்ச்சி.

சுயநிதிக் கல்லூரியில் வேலை. மே மாதம் முழுவதும் வீடு வீடாகப் போய் மாணவர் சேர்க்க வேண்டும். ஆளுக்குப் பத்துப் பேர் என்று கணக்கு. குறைந்தால் சம்பளத்தில் கை வைக்கிறார்கள். அசல் சான்றிதழ்கள் அவர்களிடம். இதற்கும் வட்டம் உதவுமா?
— நாமக்கல் மாவட்ட வாசகர்

உதவாது. இது மனத்தாங்கல் இல்லை, சுரண்டல். சுரண்டலுக்கு மருந்து சங்கம், வக்கீல், வேறு வேலை. மூன்றில் எது முதலில் கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிர்வாகமே கூப்பிட்டு 'வாருங்கள், வட்டமாக உட்காருவோம்' என்றால் கதவுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்காருங்கள்.

துறைத் தலைவர் மற்ற ஆசிரியர்கள், மாணவர்கள் முன்னிலையில் என் சாதிப் பெயரைச் சொல்லிப் பேசினார். நான் பட்டியல் இனத்தைச் சேர்ந்தவள். எழுத்தில் புகார் கொடுத்தேன். 'துறைக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு பேரும் கை கொடுங்கள்' என்கிறது நிர்வாகம். கை கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அந்தக் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.
— பெயர், ஊர் வேண்டாம்

உங்கள் கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். மறுநாள்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

உங்களுக்கு நடந்ததற்குச் சீர்செய்தல் என்று பெயர் இல்லை. நம் ஊரில் அதற்குப் பழைய பெயர் கட்டப்பஞ்சாயத்து. அதில் எப்போதும் அடிபட்டவர்தான் பெருந்தன்மையைக் காட்ட வேண்டியிருக்கும். என்ன நடந்தது என்று உங்களிடம் யாரும் கேட்கவில்லை, அவர் ஒப்புக்கொள்ளவில்லை, ஒன்றும் மாறவில்லை. கை மட்டும் குலுக்கப்பட்டது. இந்த முறையைப் பற்றி நல்லதாக எழுதும் என்னைப் போன்றவர்கள் இந்த இடத்தில் தெளிவாக இருக்க வேண்டும்: சாதி சொல்லி இழிவு செய்தது குற்றம். பலர் பார்க்கக் கேட்க நடந்திருந்தால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. கை கொடுத்துவிட்டதால் உங்கள் உரிமை போய்விடவில்லை. புகாரின் நகல், தேதி, அங்கே இருந்தவர்களின் பெயர்கள் மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள், கல்லூரி அலமாரியில் வேண்டாம். ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கட்டணம் முடியாதென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் இலவசச் சட்ட உதவி மையம் இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் உதவ வேண்டும் என்பது சட்டம்.

மூன்று மாதமாக ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வகுப்பறை வாசலில் நின்றால் நெஞ்சு படபடக்கிறது. செத்துப்போனால் திருத்தாத விடைத்தாளையெல்லாம் யாராவது திருத்திக்கொள்வார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு அந்தச் சிரிப்பை நினைத்துப் பயமாக இருக்கிறது.
— ஈரோடு மாவட்ட வாசகர்

தம்பி, இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திருக்கவில்லை. உறையில் இருந்த முகவரிக்கு அன்றே எழுதிவிட்டேன். உங்களைப் போல இன்னும் சிலர் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அதையே இங்கேயும் போடுகிறேன். 14416 என்ற எண்ணுக்கு இன்றைக்கே பேசுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, இலவசம், எந்த நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். பிறகு மனநல மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள். மருத்துவ விடுப்பு எடுங்கள். காரணம் கேட்டால் 'உடல்நலக் குறைவு' என்று எழுதினால் போதும், மனமும் உடம்பில்தான் இருக்கிறது. வீட்டில் ஒருவரிடமாவது அந்த இரண்டு மணியைப் பற்றிச் சொல்லுங்கள். விடைத்தாள் காத்திருக்கும். நான் இரண்டு முறை ஒரு கட்டைத் தாமதமாகக் கொடுத்திருக்கிறேன். பல்கலைக்கழகம் இடிந்து விழவில்லை.

மற்றவர்களுக்கெல்லாம் வழி சொல்கிறீர்கள். நீங்கள் யாரிடமாவது தவறு செய்து, சீர்செய்தது உண்டா? உண்மையைச் சொல்ல வேண்டும்.
— திருச்சி, முதுகலை மாணவி

உண்டு. மேலே 'ஹோல்டர் உங்களிடம் இல்லை' என்று சொன்னாரே, அவரிடம்தான்.

அவர் 2013-இல் சேர்ந்தார். சேர்ந்த மூன்றாம் மாதம் முதலாண்டு வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்தார். நான் அந்த வகுப்புக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தேன். அறுபது பிள்ளைகளின் முன்னால், "சம்பளம் மட்டும் நேரத்துக்கு வேண்டுமா?" என்று கேட்டேன். வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே சிவப்பு மையால் கோடு போட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலமே நான் மறந்துவிட்டேன். அதுதான் மேலே இருப்பவர்களுக்குக் கிடைக்கும் வசதி.

2016-இல் ஒரு புதன்கிழமை, ஹோல்டர் அவர் கைக்குப் போனபோது அதைச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. தாமதமாக வந்த அன்று கல்லூரி அலுவலகத்தில் அவருடைய பணி நியமன ஒப்புதல் கோப்பில் கையெழுத்துக்காக நிற்க வைத்துவிட்டார்கள். சம்பளம் அதுவரை வரவே ஆரம்பிக்கவில்லை. நான் நேரத்துக்கு வேண்டுமா என்று கேட்ட அந்தச் சம்பளம். மூன்று ஆண்டாக அந்த வகுப்பறை எண் 14-க்குள் போகும்போதெல்லாம் அந்த வாக்கியம் காதில் விழுகிறது என்றார்.

வழக்கம்போல விளக்கம் சொல்ல வாய் திறந்தேன். ஹோல்டர் என்னிடம் இல்லை. அது சுற்றி வர இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். அந்த ஆறு பேர் பேசி முடிப்பதற்குள் என் விளக்கங்கள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போய்விட்டன. என் முறை வந்தபோது, "தவறு. உங்களைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை" என்று மட்டும் சொன்னேன். சரிசெய்ய என்ன வேண்டும் என்று கேட்டேன்.

அந்த அறுபது பிள்ளைகளும் படித்து முடித்துப் போய்விட்டார்கள். அவர்கள் முன்னால் இனி சொல்ல முடியாது. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "ரசாயனக் கிடங்கின் சாவி என்னிடம் இருக்கட்டும் மேடம்" என்றார். பதினொரு ஆண்டாக என் கைப்பையில் இருந்த சாவி அது. ஒரு லிட்டர் அமிலம் வேண்டுமென்றாலும் எல்லோரும் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். அது பாதுகாப்புக்காக என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கேயே பையிலிருந்து எடுத்து, வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன். கழற்றும்போது நகம் பிய்ந்தது.

ஒரே வாரத்தில் அதைத் தொலைத்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். கொஞ்சம் சொன்னேன். ஆனால் அறைக்குள், கதவைச் சாத்திவிட்டு. மாற்றுச் சாவி செய்ய நாற்பது ரூபாய் ஆயிற்று, அவர்தான் கொடுத்தார்.